பட்டியலில் முதலிடம், பந்தயத்தில் வேறிடம்: என்சிஏஏ ஆண்கள் 1500 மீட்டர் கணிப்பு – நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரலில் அலபாமா பல்கலைக்கழகத்தின் எலியுட் கிப்சாங் 1500 மீட்டரை 3:33.74-இல் ஓடினார். அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் அதுவரை எவரும் அந்த நேரத்தைத் தொட்டதில்லை. இரண்டு மாதம் கழித்து யூஜீன் நகரின் ஹேவர்ட் ஃபீல்ட் மைதானத்தில் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டி. வென்றவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோ வாஸ்கம், நேரம் 3:45.58. சாதனை நேரத்தைவிட 11.84 விநாடி மெதுவான பந்தயத்தில் சாதனையாளர் தோற்றார். இரண்டாவதாக வந்த மரியோ கார்சியா ரோமோவுக்கும் வாஸ்கமுக்கும் இடைவெளி 0.11 விநாடி.

பருவத்தின் வேகப் பட்டியலை எடுத்து, மேலே இருப்பவர் பெயரை வட்டமிட்டு வைத்திருந்தவர்களின் கணிப்பு அன்று பொய்த்தது. அது துரதிர்ஷ்டம் அல்ல. கணிக்கத் தொடங்கும்போதே கேள்வியைத் தவறாகக் கேட்டிருந்தார்கள். "யார் வேகமானவர்" என்பதற்குப் பட்டியலில் விடை இருக்கிறது. "இது எந்த வகைப் பந்தயமாக ஓடப்படும், அந்த வகையில் யார் வல்லவர்" என்பதற்கு அதில் விடை கிடையாது. ஆண்கள் 1500 மீட்டரை எடுத்துக்கொண்டு இந்த இரண்டாவது கேள்விக்கு எப்படி எண் கொடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பன்னிரண்டு இறுதிப் போட்டிகள்

2013 முதல் 2025 வரை, கொரோனாவால் நடக்காமல்போன 2020 தவிர, வெற்றி நேரங்கள் இவை:

2013 – மேக் ஃப்ளீட், ஆரிகன், 3:50.25
2014 – மேக் ஃப்ளீட், ஆரிகன், 3:39.09
2015 – சாட் நோயல், ஓக்லஹோமா ஸ்டேட், 3:54.96
2016 – கிளேட்டன் மர்பி, ஆக்ரன், 3:36.38
2017 – ஜோஷ் கெர், நியூ மெக்சிகோ, 3:43.03
2018 – ஒலிவர் ஹோர், விஸ்கான்சின், 3:44.77
2019 – யாரெட் நுகூஸே, நோட்ர டேம், 3:41.381
2021 – கோல் ஹாக்கர், ஆரிகன், 3:35.35
2022 – ஜோ வாஸ்கம், வாஷிங்டன், 3:45.58
2023 – நேதன் கிரீன், வாஷிங்டன், 3:42.78
2024 – ஜோ வாஸ்கம், வாஷிங்டன், 3:39.48
2025 – நேதன் கிரீன், வாஷிங்டன், 3:47.26

மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் 19.61 விநாடி வித்தியாசம். நடு மதிப்பு ஏறத்தாழ 3:42.9, அதாவது 400 மீட்டர் சுற்றுக்கு 59.4 விநாடி. ஹாக்கர் வென்ற பந்தயத்தின் சராசரி சுற்று 57.4, நோயல் வென்றதில் 62.7. 2025 ஜூலையில் ஃபெய்த் கிப்யேகோன் இதே ஹேவர்ட் ஃபீல்டில் ஓடிய பெண்கள் உலக சாதனை 3:48.68. 2013, 2015 ஆண்கள் வெற்றி நேரங்களை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த இரண்டு மாலைகளிலும் முதல் ஆயிரம் மீட்டரில் யாருக்கும் ஓட மனமில்லை என்பது விளங்கும்.

காரணம் எளிது. சாம்பியன்ஷிப்பில் பேஸ்மேக்கர் (மற்றவர்களுக்காக முன்னால் ஓடி வேகத்தை நிர்ணயிப்பவர்) கிடையாது. புள்ளிகள் இடத்துக்குத்தான், முதல் எட்டுப் பேருக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1. 3:35-இல் வென்றாலும் 3:55-இல் வென்றாலும் அணிக்குப் பத்துதான். முன்னால் ஓடுபவர் காற்றை உடைக்கிறார், பின்னால் வருபவர் அந்த மறைவில் சக்தியைச் சேமிக்கிறார். எனவே மற்றவரைவிடத் தெளிவாக வலியவர் என்ற நம்பிக்கை இல்லாத எவரும் முன்னால் போக மாட்டார். பட்டியலில் பளிச்சென்று தெரியும் நேரங்களோ பேஸ்மேக்கர் இழுத்துச் செல்லும் ஏப்ரல் மாத அழைப்புப் போட்டிகளில் வந்தவை. இரண்டும் ஒரே தூரம், ஆனால் ஒரே விளையாட்டு என்று சொல்ல முடியாது.

பட்டியலை வேகம் (3:40-க்குள்), நடுத்தரம் (3:40 முதல் 3:45 வரை), மெது (3:45-க்கு மேல்) என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். வேகம்: 2014, 2016, 2021, 2024. நடுத்தரம்: 2017, 2018, 2019, 2023. மெது: 2013, 2015, 2022, 2025. நான்கு, நான்கு, நான்கு. அந்த ஆண்டுக் களத்தைப் பற்றி வேறெதுவும் தெரியாதபோது தொடக்க எடை மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வதற்கு இதுவே ஆதாரம். பன்னிரண்டு பந்தயம் சிறிய தொகைதான். ஆனாலும் "கல்லூரி 1500 எப்போதும் மெதுவாகத்தான் போகும்" என்று கண்ணை மூடிச் சொல்வதைவிட இது மேல்.

இறுதி வரை வந்து சேர்வது

கணிப்பில் முதல் வேலை சலிப்பான வேலை: ஓடப்போகிறாரா என்று பார்ப்பது. 2021-இல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியின் அதிங் மூ 800 மீட்டரில் 1:57.73 என்ற கல்லூரிச் சாதனை வைத்திருந்தார். என்சிஏஏ வெளிக்களத்தில் அவர் 800-இல் இறங்கவே இல்லை. 400 மீட்டரை 49.57-இல் வென்றார். பயிற்சியாளர் அணியின் மொத்தப் புள்ளியைப் பார்க்கிறார், ரசிகரின் விருப்பத்தை அல்ல. பதிவுப் பட்டியலும் விலகல் பட்டியலும் வெளியாகும் வரை எந்த எண்ணையும் இறுதியாக்கக் கூடாது.

அடுத்தது சுற்றுகள். கிழக்கு, மேற்கு என இரண்டு மண்டலங்களில் தலா 48 பேர். முதல் சுற்றில் பன்னிரண்டு பேர் கொண்ட நான்கு ஹீட் (தகுதி ஓட்டம்). ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து பேரும், மீதியில் நேரத்தால் நால்வரும் காலிறுதிக்கு. காலிறுதியில் இரண்டு ஹீட். முதல் ஐந்து பேரும் நேரத்தால் இருவருமாகப் பன்னிரண்டு பேர் மண்டலத்திலிருந்து மேலே போகிறார்கள். இரு மண்டலமும் சேர்ந்து 24 பேர் அரையிறுதியில், மறுபடி அதே ஐந்தும் இரண்டும். மூன்று சுற்றைத் தாண்டினால்தான் இறுதி.

ஒவ்வொரு சுற்றையும் தாண்ட ஒருவருக்கு 97 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் தாண்டும் வாய்ப்பு 0.97-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 91 சதவீதம். இறுதிக்கு வந்தால் 35 சதவீதம் வெல்வார் என்று நினைத்தாலும், மே மாதத்தில் அவருக்குக் கொடுக்க வேண்டியது 32. தடுக்கி விழுதல், கூட்டத்துக்குள் வழியின்றி மாட்டிக்கொள்ளுதல், மெதுவான ஹீட்டில் ஆறாவதாக வந்து நேரத்தாலும் தேறாமல்போதல் – இந்த ஒன்பது சதவீதத்துக்குள் அடங்குபவை இவை.

அரையிறுதியைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாவது ஹீட்டில் ஓடுபவர்களுக்கு முதல் ஹீட்டின் நேரம் தெரியும். முதல் ஹீட் மெதுவாகப் போயிருந்தால், இரண்டாவது ஹீட் சற்று வேகமாக ஓடி நேர இடங்கள் இரண்டையும் அள்ளிக்கொள்ளலாம். ஆகவே இரண்டாவது ஹீட்டின் வேகமான நேரத்தைப் பார்த்து "இவர்கள் வலியவர்கள்" என்று முடிவு கட்டக் கூடாது. அரையிறுதியில் கவனிக்க வேண்டியது நேரத்தை அல்ல, கடைசி 100 மீட்டரில் யார் திரும்பிப் பார்த்துக்கொண்டே தளர்த்தினார், யார் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது இடத்தைப் பிடித்தார் என்பதை.

இரட்டைச் சுமையையும் இங்கேயே கணக்கில் எடுக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் உள்ளரங்க மைலை 3:52.01-இல் ஓடி கல்லூரிச் சாதனை படைத்த ஆரிகனின் எட்வர்ட் செசெரெக், மார்ச் மாத என்சிஏஏ உள்ளரங்கப் போட்டியில் வெள்ளி இரவு 5000 மீட்டர் ஓடி வென்றார். மறுநாள் மைல் இறுதி 4:03.22 என்ற மெதுவான நேரத்தில் முடிந்தது. முதலாவது கெர், செசெரெக் இரண்டாவது. களைப்பு, மெதுவான பந்தயம், புத்துணர்ச்சியோடு காத்திருந்த கிக்கர் (கடைசியில் திடீரென வேகமெடுத்துப் பாய்பவர்) மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பட்டியலின் 3:52 உதவாது. வெளிக்களத்தில் ஆண்கள் 1500 இறுதியும் 5000 இறுதியும் ஒரே வெள்ளி மாலையில் வரும், 1500 முதலில். எனவே 1500-ஐக் கணிப்பவருக்கு இரட்டை ஓட்டம் அவ்வளவு பயமில்லை, 5000-ஐக் கணிப்பவருக்குத்தான் பயம். 2021-இல் ஹாக்கர் 1500-ஐ வென்றபின் 5000-இல் நான்காவதாகத்தான் வந்தார்.

ஒருவருக்கு மூன்று மதிப்பெண்

ஒவ்வோர் ஓட்டக்காரருக்கும் ஒரே மதிப்பெண் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வேகப் பந்தயம், நடுத்தரப் பந்தயம், மெதுப் பந்தயம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

வேகப் பந்தய மதிப்பெண்ணுக்கு பருவத்தின் சிறந்த 1500, மைல், 3000, 5000 நேரங்கள் உதவும். மைலை 1500 ஆக்க 1.08-ஆல் வகுத்தால் போதும். 3:54 மைல் ஏறத்தாழ 3:36.7-க்குச் சமம். ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற 2,100 மீட்டர் உயரத்து ஊர்களில் ஓடிய நேரத்துக்கு என்சிஏஏ திருத்தம் கொடுத்துத்தான் பட்டியலிடுகிறது. திருத்தத்துக்கு முந்தைய நேரம், பிந்தைய நேரம் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே ஓட்டத்தை இரண்டு முறை திருத்திவிடும் தவறு எளிதாக நேரும். சிறந்த ஒரே நேரத்தைவிட சிறந்த மூன்றின் சராசரி நம்பகமானது.

மெதுப் பந்தய மதிப்பெண்ணுக்கு மாநாட்டுச் சாம்பியன்ஷிப்பும் (மாநாடு என்பது சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்த போட்டிக் குழு) மண்டலச் சுற்றுகளும்தான் சான்று. அங்கே பேஸ்மேக்கர் இல்லை. எந்த நேரத்தில் முடிந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது எத்தனையாவது, 200 மீட்டர் மீதியிருக்கையில் எத்தனையாவது, முடிவில் எத்தனையாவது, கடைசிச் சுற்று எவ்வளவு என்று நான்கு எண்களைக் குறிக்க வேண்டும். முதல் மூன்று சுற்றும் 62-இல் போனபின் வந்த 53 விநாடிக் கடைசிச் சுற்றும், 58-இல் போனபின் வந்த 53-உம் ஒன்றல்ல. இரண்டாவதின் சொந்தக்காரர் மூன்று வகையிலும் ஆபத்தானவர்.

800 மீட்டர் திறனையும் பார்க்க வேண்டும். 2016 வெற்றியாளர் மர்பி அதே ஆண்டு உள்ளரங்க 800-இன் என்சிஏஏ சாம்பியன். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் 800-இல் 1:42.93 ஓடி வெண்கலம் வாங்கினார். அவர் வென்ற 1500 மெதுவானதல்ல, 3:36.38. வேகமாக ஓடிக் களைக்க வைத்தால் 800-காரரை உதிர்த்துவிடலாம் என்ற எண்ணம் அவர் விஷயத்தில் எடுபடவில்லை.

உள்ளரங்க மைல் சாம்பியனை அப்படியே வெளிக்களத்துக்கு நகர்த்தலாமா? 2017-இல் கெர் இரண்டையும் வென்றார், 2021-இல் ஹாக்கரும் அப்படியே. 2018-இல் உள்ளே கெர், வெளியே ஹோர். 2019-இல் உள்ளே ஜியார்டி பீமிஷ், வெளியே நுகூஸே. 2022-இல் உள்ளே வென்ற கார்சியா ரோமோ வெளியே இரண்டாவது. 2023, 2024 இரண்டிலும் உள்ளே வாஷிங்டனின் லூக் ஹவுசர். வெளியே அவருடைய அணித் தோழர்கள். ஏழில் இரண்டு. பன்னிரண்டு பேர் களத்தில் ஒருவருக்கு 29 சதவீதம் என்பது நல்ல குறிப்புதான். ஆனால் எஞ்சிய 71-ஐ மறக்க வைக்கும் அளவுக்கு நல்லதல்ல.

2021: பட்டியல் பக்கத்தில் நின்ற போதும்

2021 களம் கணிப்பவருக்குச் சுவையானது. நுகூஸே 2019 சாம்பியன். அந்த மே மாதம் 3:34.68 ஓடி, 1981 முதல் நின்றிருந்த சிட்னி மரேயின் 3:35.30 என்ற கல்லூரிச் சாதனையை முறியடித்திருந்தார். எதிரில் ஹாக்கர், உள்ளரங்கத்தில் மைல், 3000 இரண்டையும் வென்றவர், பந்தயத்தில் பின்தங்கியிருந்தாலும் கடைசி நேரத்தில் பாய்ந்து வருபவர். இறுதி வேகமாகப் போனது. வேகப் பந்தயம், பட்டியலில் முதல்வர், அனுபவமுள்ள சாம்பியன் என்று எல்லாம் நுகூஸே பக்கம். ஹாக்கர் 3:35.35, நுகூஸே 3:35.60.

இதிலிருந்து "நுகூஸேயைத் தேர்ந்தது தவறு" என்று முடிவெடுப்பது இன்னொரு தவறு. அவருக்கு 45, ஹாக்கருக்கு 40 என்று கொடுத்தவர் நன்றாகவே கணித்திருக்கிறார். 80-க்கு 10 என்று கொடுத்தவர்தான் தன் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். இதே நுகூஸே 2019-இல் வென்ற விதத்தைப் பாருங்கள்: அவர் 3:41.381, மிச்சிகன் ஸ்டேட்டின் ஜஸ்டின் கிப்ரோடிச் 3:41.384. விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. நெஞ்சளவில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். அந்த இரண்டு சென்டிமீட்டரை முன்கூட்டியே காட்டக்கூடிய அட்டவணை எதுவுமில்லை. (கல்லூரிக் களத்தின் தரம் பற்றி ஐயம் உள்ளவர்களுக்கு: 2024 பாரிஸ் ஒலிம்பிக் 1500-இல் தங்கம் ஹாக்கர், வெள்ளி கெர், வெண்கலம் நுகூஸே. மூவரும் மேலுள்ள பட்டியலில் இருப்பவர்கள்.)

வாஷிங்டனின் நான்கு ஆண்டுகள்

2022 வாஸ்கம், 2023 கிரீன், 2024 வாஸ்கம், 2025 கிரீன். நேரங்கள் மெது, நடுத்தரம், வேகம், மெது என்று எல்லா வகையிலும் விழுந்திருக்கின்றன. 2023-இல் முதல் இரண்டு இடமும் இவர்களுக்கே, கிரீன் 3:42.78, வாஸ்கம் 3:42.93. நடப்புச் சாம்பியன் வாஸ்கம் என்று எழுதியவர்கள் ஆளைத் தவறவிட்டார்கள், அணியைத் தவறவிடவில்லை.

இங்கே ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. ஒரே அணியின் இருவருக்கு 22-உம் 14-உம் கொடுத்தால், அந்த அணியின் வாய்ப்பு 36. வேறு அணியின் 27 சதவீதத்துக்காரர் தனிநபர் பட்டியலில் முதலாவதாகத் தெரிவார். ஆனால் "எந்தப் பல்கலைக்கழகம் வெல்லும்" என்ற கேள்விக்கு அவருடைய பல்கலைக்கழகம் விடையல்ல. ஒரே பயிற்சியாளரிடம், ஒரே தடத்தில், ஒரே மாதிரியான கடைசி 300-க்குப் பழகியவர்கள் என்பதால், ஒருவருடைய மெதுப் பந்தய மதிப்பெண்ணை மதிப்பிடச் சான்று குறைவாக இருந்தால் தோழருடைய சான்றில் கொஞ்சம் கடன் வாங்கலாம். ஆனால் அளவோடு. நான்கு வெற்றிகள் இரண்டே மனிதர்களுடையவை, சீருடை ஓடுவதில்லை.

வளைவில் இழக்கும் அரை விநாடி

மெதுவான பந்தயத்தில் கூட்டம் இறுகிப் போகும். உள்கோட்டை ஒட்டி ஓடுபவருக்குத் தூரம் குறைவு, ஆனால் வெளியேற வழி அடைபடும். வெளியே ஓடுபவருக்கு வழி இருக்கும், தூரம் கூடும். எவ்வளவு கூடும்? லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே நின்று ஒரு முழு வளைவைக் கடந்தால் கூடுதல் தூரம் பை பெருக்கல் 1.22, அதாவது 3.83 மீட்டர். கடைசிச் சுற்றை 53 விநாடியில் ஓடுபவரின் வேகம் விநாடிக்கு 7.5 மீட்டர், ஆக ஒரு வளைவுக்கு அரை விநாடி போகிறது.

அந்த அரை விநாடியை 0.11, 0.15, 0.003 என்ற வெற்றி இடைவெளிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். மணி அடித்த பிறகு இரண்டு வளைவையும் இரண்டாம் லேனில் ஓடிவிட்டு அரை விநாடிக்குள் தோற்றவர், வென்றவரைவிட வலியவராகவே இருந்திருக்கலாம். மாநாட்டுப் பந்தயக் காணொளியைப் பார்க்கும்போது இதைக் குறித்து வைத்தால், முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று கையில் இருக்கும்.

எண்ணாக்குதல்

ஒரு கற்பனைக் களம். முத்து என்பவர் பருவத்தின் வேகமானவர். வேகப் பந்தயமானால் வெல்ல 45 சதவீதம், நடுத்தரமானால் 25, மெதுவானால் 10. செல்வம் கிக்கர்; முறையே 15, 25, 30. மூன்று வகைக்கும் சம எடை கொடுத்தால் முத்துவுக்கு 26.7, செல்வத்துக்கு 23.3. பட்டியலில் எட்டாத தூரத்தில் இருந்த முத்து, கணக்கில் மூன்று புள்ளிதான் முன்னால்.

அடுத்து எடையைத் திருத்த வேண்டும். முந்தைய பந்தயங்களில் தானே முன்னின்று இழுத்துப் பழகியவர் களத்தில் இருக்கிறாரா? கிக் இல்லாததால் வேகமாக ஓடியே ஆகவேண்டியவர் இருக்கிறாரா? இருந்தால் வேகத்துக்கு 50, நடுத்தரத்துக்கு 30, மெதுவுக்கு 20 என்று மாற்றலாம். முத்து 32-க்கு ஏறுவார், செல்வம் 21-க்கு இறங்குவார். அரையிறுதியில் அந்த இழுப்பவர் வெளியேறிவிட்டால் எடையை உடனே பழைய இடத்துக்கு இறக்க வேண்டும். இதை மறப்பதுதான் வியாழக்கிழமைத் தவறு: அரையிறுதி நடக்கும் புதன்கிழமை ஆட்கள் மாறியிருப்பார்கள், எண்கள் மாறியிருக்காது.

பன்னிரண்டு பேரின் சதவீதமும் கூட்டினால் நூறு வருகிறதா என்று கடைசியில் சரிபார்க்க வேண்டும். முதல் மூவருக்கே 95 போயிருந்தால், எஞ்சிய ஒன்பது பேருக்கு ஐந்து. ஆண்கள் 1500-இல் அது நம்பத்தகாத எண். அந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து 20-க்குக் குறையாமல் வைப்பது நல்லது.

இதே எடையை வேறு பந்தயங்களுக்குத் தூக்கிச் செல்லக் கூடாது. பெண்கள் 1500-இல் 2018 முதல் 2025 வரையான வெற்றி நேரங்கள் 4:05.98 முதல் 4:09.42 வரை, மொத்த வீச்சு 3.44 விநாடி. அதே ஆண்டுகளில் ஆண்களுடையது 11.91. பெண்கள் இறுதியில் யாராவது ஒருவர் பந்தயத்தைத் தொடக்கத்திலிருந்தே நல்ல வேகத்தில் இழுத்துவிடுகிறார். ஆகவே அங்கே பருவ நேரத்துக்கு மதிப்பு அதிகம், மெது வகைக்குப் பத்து சதவீத எடையே போதும். ஹார்வர்டின் மாயா ராம்ஸ்டென் 2023-இல் 4:08.60, 2024-இல் 4:06.62 என்று அடுத்தடுத்து வென்றது இந்த ஒழுங்குக்கு உகந்த செய்தி.

ஆண்கள் 800-இல் 2017 முதல் 2025 வரை எல்லா வெற்றி நேரங்களும் 1:44.26-க்கும் 1:45.86-க்கும் இடையில் அடங்கும். பந்தய வகை மாறுவதே இல்லை எனலாம். மூன்று மதிப்பெண் முறைக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் நிலையான நேரம் நிலையான வெற்றியாளரைக் கொடுத்துவிடாது. 2018 ஏப்ரலில் 1:43.25 என்ற கல்லூரிச் சாதனை ஓடியவர் மைக்கேல் சருனி, ஜூனில் 1:44.76-இல் வென்றவர் பென் ஸ்டேட்டின் ஐசாயா ஹாரிஸ். 2024-இல் வர்ஜீனியாவின் ஷேன் கோஹன் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்து 1:44.97-இல் வென்றார். 800-இல் பின்னாலிருந்து வருவது கிக் என்று தோன்றும். பெரும்பாலும் அது முன்னால் இருப்பவர்கள் தளர்வதுதான். முதல் 400-ஐ மற்றவர்கள் அளவுக்கு மீறி வேகமாக ஓடினால்தான் அந்த வாய்ப்பு திறக்கும். ஆகவே 800-இல் கேட்க வேண்டிய கேள்வி மெதுவாகப் போகுமா என்பதல்ல, முதல் சுற்றை யார் எத்தனை விநாடியில் இழுப்பார் என்பது.

பந்தயம் முடிந்ததும் பதிவேட்டில் வெற்றியாளர் பெயருக்கு முன்பாக எழுத வேண்டியது 800 மீட்டர் கடந்த நேரம், 1100 மீட்டர் கடந்த நேரம், பந்தய வகை. அதன்பின் இரண்டு தனித்தனிப் பத்திகள்: வகைக்குக் கொடுத்த எடை சரியா, அந்த வகைக்குள் ஆளுக்குக் கொடுத்த சதவீதம் சரியா. 2022 போன்ற ஆண்டில் மெது வகைக்கு 40 கொடுத்திருந்து, அதற்குள் வாஸ்கமுக்கு 5 மட்டும் கொடுத்திருந்தால், திருத்த வேண்டியது மே மாத மாநாட்டுக் காணொளிகளைப் பார்த்த விதத்தை. எடை அட்டவணையைத் தொட வேண்டாம்.